மூத்தவனுக்கு விட்ட இடம்

அரச உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெறுகிறவனிடம் கையெழுத்து வைக்கும் அதிகாரத்தை மட்டும்தான் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். மற்றவர்களின் படிவங்களை நிரப்பும் வேலை அவன் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்டச் செயலகத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த எனக்கு, மன்னார் நகரத்து வீட்டு விறாந்தையில் ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போட வேண்டியதாயிற்று. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்தவர்கள், காணி உறுதி தொலைந்தவர்கள், ஓய்வூதியம் இடையில் நின்றுபோனவர்கள் என்று வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர், தன் வீட்டுப் படலையை உடைத்த கழுதைக்கு எந்தத் திணைக்களம் பொறுப்பு என்று கேட்டு மனு எழுதுவிக்க வந்தார். மன்னாரில் கழுதைக்கு எந்தத் திணைக்களமும் பொறுப்பில்லை. தெரிந்துகொண்டே எழுதிக் கொடுத்தேன், மூன்று பிரதிகளுடன்.

ஆகவே என் மச்சாள், மனைவியின் தங்கை, ஒருநாள் கைத்தொலைபேசியை நீட்டியபடி வந்தபோது இன்னொரு படிவம் என்றுதான் நினைத்தேன். அது சரியாகவும் இருந்தது.

அவள் பேசாலையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். ஐம்பதை நெருங்கும் வயது. அடையாள அட்டைப் படம், முதல்நன்மைப் படம், கலியாணம், செத்தவீடு எல்லாம் அவள்தான் எடுப்பாள். கணவர் கடலுக்குப் போகிறவர். படத்துக்கு நில் என்றால் கோபம் வருகிற மனிதர்.

"அத்தான், இதுக்கு நான் போடலாமோ எண்டு பாருங்கோ."

கொழும்பில் நடக்கவிருந்த ஓர் ஆவணப் புகைப்படக் கண்காட்சிக்கான அழைப்பு அது. தெரிவாகிறவர்களின் படங்களைக் கொழும்பில் ஒரு பெரிய மண்டபத்தில் தொங்கவிடுவார்கள். பிறகு அவை வெளிநாட்டு நகரங்களுக்கும் போகும். விதிகள் பல பக்கங்களுக்கு இருந்தன. ஒழுங்காக எழுதப்பட்ட விதிகளை வாசிப்பது எனக்கு இன்னும் கொஞ்சம் இன்பம் தரும். வேறு இன்பங்களை வைத்தியர் நிறுத்திவிட்டார்.

"போடலாம். நீ இலங்கைப் பிரசை, பதினெட்டு வயசும் தாண்டீட்டுது."

"அது ஊருக்கே தெரியும். மிச்சத்தை வாசியுங்கோ."

மிச்சத்தை வாசித்தேன். அவளுக்கு அது ஏன் வேண்டியிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கமராக்காரர்கள் மன்னாருக்கு வருகிறார்கள். வீதியில் நிற்கும் கழுதைகளை எடுக்கிறார்கள். அடி பருத்த பெருக்கமரத்தை எடுக்கிறார்கள். தலைமன்னாரின் பழைய துறைமுகப் பாலத்தைச் சூரியன் விழும்போது எடுக்கிறார்கள். பேசாலையில் கருவாடு காயவைக்கும் பெண்களை, அவர்கள் போதும் போதும் என்று முகத்தைத் திருப்பும்வரை எடுக்கிறார்கள். பிறகு வெளிச்சம் போதவில்லை என்று இவளுடைய ஸ்டூடியோவுக்கு வந்து லைற் இரவல் கேட்கிறார்கள். அவர்களில் ஒருவரின் கண்காட்சிக்கு இவள் கொழும்புக்குப் போயிருந்தாள். சுவர் முழுக்கத் தன் ஊர், தன் சித்தியின் கை, தன் வீட்டு ஒழுங்கை. அங்கே நின்ற ஒரு பெண் இவளிடம் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டாளாம்.

"எங்கடை ஊரை எல்லாரும் எடுத்து முடிச்சிட்டினம் அத்தான். நான் மட்டும் காது தெரியுதோ, நெத்தி தெரியுதோ எண்டு அடையாள அட்டைப் படம் எடுத்துக்கொண்டு கிடக்கிறன். ஒருக்கா என்ரை படம் அந்தச் சுவரிலை தொங்கவேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லி ஆரம்பமான எதுவும் அவ்வளவோடு முடிந்ததை என் சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை.

முதலில் கடற்கரைப் படங்களைக் கொண்டுவந்தாள். நல்ல படங்கள்தான். அதே கடலை இன்னும் நூறு பேர் அனுப்புவார்கள் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு போனவள் அடுத்த வாரம் வேறொரு கட்டோடு வந்தாள். அவை செத்தவீட்டுப் படங்கள்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் பிரேதத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோக முன்னர், பந்தலுக்குள் பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுப்பது வழக்கம். தலைமாட்டில் மனைவி அல்லது கணவர், பக்கத்தில் மூத்த பிள்ளை, பிறகு வயதுப்படி மற்றவர்கள். ஆனால் இப்போது எந்த வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள்? ஒருவர் கனடாவில், ஒருவர் லண்டனில், ஒருவர் எங்கேயென்று சொல்ல விரும்பாத இடத்தில். வராத பிள்ளை தன் படமொன்றை அனுப்பிவைக்கும். என் மச்சாள் அதைக் கணினியில் வெட்டி, செத்தவீட்டுப் படத்துக்குள் நிறுத்திவிடுவாள். கதிரையில் இருந்து சிரித்தபடி அனுப்பியவர்களைக்கூட எழுப்பி, வாயை மூடி, பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாள்.

இதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. படம் எடுக்கும்போதே அவள் இடம் விட்டுவிடுவாள். "அது மூத்தவன்ரை இடம், கொஞ்சம் விலகி நில்லுங்கோ" என்று அவள் சொன்னால் அழுதுகொண்டு நிற்கிறவர்களும் விலகுவார்கள். சிலவேளை பக்கத்தில் நிற்கிறவரிடம், வராதவரின் தோளில் கை வைப்பதுபோல் கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்வாள். பிறகு ஆளைக் கொண்டுவந்து அந்தக் கைக்குக் கீழே சேர்ப்பாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

முடித்த படங்களையே அனுப்பப்போவதாகச் சொன்னாள். அந்த வேலையில் அவளுக்குப் பெருமை. கனடாவில் நின்றவரின் கன்னத்தில் பேசாலை மெழுகுதிரியின் வெளிச்சத்தை விழுத்தியிருந்தாள். நான் விதியைக் காட்டினேன். படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

"நான் என்னத்தைச் சேர்த்தனான்? அவர் அந்தக் குடும்பத்து ஆள்தானே."

"அந்த நேரம் அங்கை நிண்டவரோ?"

"விசா குடுத்திருந்தால் நிண்டிருப்பார்."

"அப்பிடி ஒரு நிரல் இந்தப் படிவத்திலை இல்லை, பிள்ளை."

நீண்ட நேரம் வாக்குவாதப்பட்டாள். கடைசியில், முதலில் எடுத்த படங்களை, அதாவது இடம் விட்டபடி கிடந்த படங்களை அனுப்பினோம். விதி கேட்ட பத்துப் படங்கள். அவளுக்கு அவை பாதி முடித்த சட்டைகள் மாதிரி. வெட்கத்தோடுதான் அனுப்பினாள். விளக்கக் குறிப்பை நான் எழுதினேன். என் ஆங்கிலம் இன்னும் சுற்றறிக்கையின் ஆங்கிலம்தான், ஆனாலும் பிழையில்லை.

தெரிவாகிவிட்டது.

கொழும்பிலிருந்து பேசிய ஒழுங்கமைப்பாளர் இளம் பொடியன், மரியாதையாகப் பேசினார். பத்துப் படங்களில் ஒன்றைக் கண்காட்சியின் வாசலிலேயே பெரிதாக வைக்கப்போவதாகச் சொன்னார். பேசாலைக் கடற்தொழிலாளி ஒருவரின் செத்தவீட்டுப் படம் அது. தலைமாட்டில் அவருடைய மனைவி. அடுத்து ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடம். அதற்கு அப்பால் இளைய மகன், வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடித்தபடி. கைக்குக் கீழே ஒன்றுமில்லை. பின்னால் பந்தலின் வெள்ளைத் துணி தெரிந்தது.

மச்சாள் அந்தப் படத்தைக் கொழும்பில் நல்ல தாளில் பெரிதாகப் பிரதி எடுப்பித்து, குழாய்க்குள் சுற்றி வரவழைத்தாள். ஸ்டூடியோ மேசையில் விரித்து நான்கு மூலைகளிலும் லென்ஸ்களைப் பாரம் வைத்துவிட்டு, அன்று பின்னேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவரும் வந்து பார்த்தார். "நல்லாயிருக்கு" என்றார். அவர் எதையும் நல்லாயிருக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த மின்னஞ்சலில் சம்மதப் படிவங்கள் வந்தன. படத்தில் இருக்கும் வளர்ந்தவர்கள் ஒவ்வொருவரும், காட்டப்படவிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களே கையெழுத்து வைக்கவேண்டும். சரியான விதி. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

வீடு வீடாகப் போனோம். நான் படிவத்தை விளங்கப்படுத்த, அவள் படத்தைக் காட்டினாள். சிலர் முகம் சுளித்தார்கள். "இதென்ன, எங்கடை அண்ணையைக் காணேல்லை?" என்று கேட்டார்கள். இது கண்காட்சிக்கு மட்டும், வீட்டுப் படம் மாறாது என்றவுடன் கையெழுத்து வைத்தார்கள். ஒரு பெண், தன் சீலை வடிவாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வைத்தாள். ஒன்பது படங்களுக்கும் கையெழுத்து முடிந்தது. வாசல் படத்து வீட்டைக் கடைசிக்கு விட்டிருந்தோம். மச்சாளுக்கு உள்ளூரப் பயம் இருந்திருக்க வேண்டும்.

அந்த வீட்டு முன்னறையில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், சிறிய மின்குமிழின் கீழ், முடித்த படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதில் மூத்தவன் கறுப்புக் கோட்டோடு நின்றான். தம்பியின் கை அவன் தோளில். நாங்கள் கொண்டுபோன படத்தைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"இது என்ன பிள்ளை இது?"

"அண்டைக்கு எடுத்த படம்தான் மாமி. மூத்தவரைச் சேர்க்க முன்னம்."

"என்ரை சின்னவன் காத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். விசரன் மாதிரி. இதையோ கொழும்பிலை தொங்கவிடப்போறியள்?"

"பாக்கிற ஆக்களுக்கு அது விளங்கும் மாமி. அதுதான் தெரிவு செய்தவை."

"என்ன விளங்கும்? தகப்பன் செத்ததுக்கும் மூத்தவன் வரேல்லை எண்டு விளங்கும். அதை ஊரே மறந்துபோச்சு. நீ இப்ப சுவரிலை அடிச்சுவிடு."

மூத்தவனின் அகதி வழக்கு, அவன் போயிருக்கும் நாட்டில் இன்னும் முடியவில்லை. அந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டார்கள். இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் செத்தவீட்டன்று யாரோ கேட்டிருப்பார்கள், அதற்கு அந்த அம்மா ஏதோ பதில் சொல்லியிருப்பார்.

இளைய மகன் வாசல்நிலையில் சாய்ந்து நின்றான். முப்பதைத் தாண்டியவன். "எனக்கு ஒண்டுமில்லை அக்கா. அம்மா வைச்சால் நானும் வைக்கிறன்" என்றான்.

அம்மா திரும்பிச் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அது அவன்ரை இடம். அவனைக் கேளுங்கோ. அவன் ஓம் எண்டால் நான் வைக்கிறன்."

நான் வெளியே வந்து ஒழுங்கமைப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். படத்தில் இல்லாத ஒருவரின் சம்மதம் தேவையா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "படத்தில் இருக்கிறவர்கள் மட்டும் வைத்தால் போதும் ஐயா" என்றார். இதை உள்ளே போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், கச்சேரியில் என் மேசைக்கு முன்னால் நின்ற பலருடைய பார்வை இருந்தது.

மூத்தவனைத் தொலைபேசியில் அழைத்தார்கள். "அம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டான். உன்னைக் கேட்கச் சொல்கிறா என்றார்கள். "அம்மாவுக்குப் பிரச்சினை இல்லையெண்டால் எனக்கு என்ன?" என்றான். இரண்டு கந்தோர்கள் ஒன்றையொன்று அபிப்பிராயம் கேட்டு ஒரே கடிதக் கோவையை மாறி மாறி அனுப்பிக்கொண்டிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் மறுப்பதில்லை, யாரும் கையெழுத்து வைப்பதுமில்லை. கோவை மட்டும் தடிக்கும். கடைசியில் அவன், "அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கோ. பாத்திட்டுச் சொல்லுறன்" என்றான். மச்சாள் அங்கேயே நின்று அனுப்பினாள்.

பதில் வரவில்லை. முடிவுத் திகதி கிட்டிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் நான் நடைமுறைக்குள் இருக்கும் எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்தேன். அந்தப் படத்துக்குப் பதிலாக வேறொன்றை வைக்கலாமா? தெரிவுக்குழு பார்த்தது இந்தப் பத்தைத்தான், மாற்றுவதென்றால் திரும்பக் குழு கூடவேண்டும், குழு கலைந்துவிட்டது என்றார் ஒழுங்கமைப்பாளர். ஒன்பதோடு போகலாமா? பத்துக்குக் குறைந்தால் தொடராகக் கொள்ளமுடியாது. வருத்தமாகவும் உறுதியாகவும் சொன்னார். தொலைபேசியில் என் பழைய குரலையே கேட்டதுபோல் இருந்தது. மிகவும் களைத்துப்போனேன்.

"மாமியை மட்டும் வெட்டிப்போட்டால் என்ன?" என்று ஒருநாள் மச்சாளிடம் கேட்டேன். "படத்திலை இல்லாத ஆளின்ரை கையெழுத்துத் தேவையில்லையே."

"நீக்கவும் கூடாது எண்டு நீங்கள்தானே வாசிச்சுக் காட்டினியள்."

"ஓம். அதை மறந்துபோனன்."

"மறக்கேல்லை. உங்களுக்குப் பொழுது போகுது."

அவள் அப்போது யாரோ ஒரு பொடியனின் கடவுச்சீட்டுப் படத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திரிக்கோலை வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்கடை சட்டத்தைக் கேக்காமல் முடிச்ச படத்தையே அனுப்பியிருக்கவேணும்."

"அப்ப தெரிவு செய்திருக்கமாட்டினம்."

"ஓம். மாமியின்ரை முகத்தையும் நான் பாத்திருக்கத் தேவையில்லை."

மூத்தவனின் அழைப்பு வந்தபோது நானும் ஸ்டூடியோவில் இருந்தேன். அவள் வெளிச்சத் திரையைச் சுற்றிக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள். அங்கே அவன் எங்கோ வீதியில் நடந்துகொண்டிருக்க வேண்டும். வாகனச் சத்தம் கேட்டது.

"அக்கா, பிந்திப்போச்சு, குறை நினைக்காதேங்கோ. வேலை மாறி மாறி வந்தது."

"அதுக்கென்ன தம்பி. பாத்தனீங்களோ?"

"பாத்தனான். அது வேண்டாம் அக்கா."

என் மச்சாள் யாரிடமும் கெஞ்சி நான் கண்டதில்லை. அன்று கெஞ்சினாள். எத்தனையோ வருடமாக மற்றவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனதைச் சொன்னாள். வாசலில் வைக்கப்போகிற படம் இது, இது இல்லாவிட்டால் மற்ற ஒன்பதும் இல்லை என்று சொன்னாள். பெயர் போடமாட்டோம், ஊரையும் போடமாட்டோம் என்றாள்.

"விளங்குது அக்கா. நீங்கள் நல்லாத்தான் எடுத்திருக்கிறியள். ஆனா நான் வராததை ஆக்கள் காசு குடுத்து வந்து பாக்கிறதோ?"

"காசில்லை தம்பி, அனுமதி இலவசம்" என்றேன் நான்.

மச்சாள் திரும்பி என்னைப் பார்த்தாள். மறுமுனையில் அவன் சிரித்துவிட்டான். என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, "அக்கா, அந்தப் படத்தை எனக்குத் தருவியளோ?" என்று கேட்டான்.

"உங்களிட்டை இருக்குதே, ஃபோனிலை."

"அதில்லை. பெரிசாய் அடிச்சனீங்கள் எண்டு தம்பி சொன்னான். அது."

"முடிச்ச படத்தையும் பெரிசாய்த்தானே அப்ப அனுப்பினனான்?"

"அதை நான் மாட்டேல்லை. அந்தக் கோட்டு கூட இருக்கிற பொடியன்ரை. லோயரிட்டைப் போக எண்டு வாங்கிப் போட்டது. அதைப் பாக்கிற நேரமெல்லாம் அந்தக் கோட்டுத்தான் தெரியும்." வாகனச் சத்தம் பெரிதாகிக் குறைந்தது. "இதிலை தம்பி கையை வைச்சுக்கொண்டு நிக்கிறான். எவ்வளவு நேரம் அப்பிடிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன் அக்கா?"

"கொஞ்ச நேரம்தான். கை நோகுது எண்டவன். பொறு, அண்ணை வந்திடுவான் எண்டு சொன்னனான்."

அவன் முகவரியை அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

மச்சாள் திரையைச் சுற்றி முடித்தாள். விலகல் கடிதத்தை நான் வரைந்து தருகிறேன் என்றேன். எதிர்காலத்தில் வாய்ப்புக் கிடைக்கும்படி எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றாள். தானே தொலைபேசியில் தமிழில் ஒரு வரி தட்டி அனுப்பினாள்: படத்து வீட்டாருக்கு விருப்பமில்லை, மன்னிக்கவும். ஒழுங்கமைப்பாளர் உடனே பதில் எழுதினார். அடுத்த முறை விண்ணப்பங்கள் கோரும்போது அறியத்தருவதாக. அந்த வாக்கியத்தை நானும் நிறையப் பேருக்கு எழுதியிருக்கிறேன்.

அந்தக் கண்காட்சி நடந்தது. வாசலில் வேறு யாரோ எடுத்த படம் இருந்ததாம். நாங்கள் போகவில்லை.

கண்காட்சி தொடங்க முதலே, அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு மன்னார் தபாற்கந்தோருக்குப் போயிருந்தோம். வெளிநாட்டுப் பொதிக்குச் சுங்கச் சீட்டு ஒட்டவேண்டும். அதை நிரப்பத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே என்ன, எத்தனை, பெறுமதி என்ன என்று கேட்கும் சிறிய சீட்டு. புகைப்படம் என்று எழுதினேன். ஒன்று என்று எழுதினேன்.

"பெறுமதிக்கு என்ன போட?" என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் கேட்டாள்.

"அவரைக் கேளுங்கோ. எல்லா நடைமுறையும் அவருக்குத்தான் தெரியும்" என்றாள் மச்சாள்.

விற்பனைக்கல்லாத பொருளுக்கு எழுதவேண்டியது எதுவோ, அதையே எழுதினேன்: வணிகப் பெறுமதி இல்லை. மச்சாள் எட்டி அதை வாசித்தாள். கொஞ்சம் அதிக நேரம் வாசித்ததுபோல் எனக்குப் பட்டது. பிறகு முத்திரையை நக்காமல் ஈரப் பஞ்சில் தொட்டு ஒட்டினாள், ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பின்னேரம் தலைமன்னாரில் ஒரு செத்தவீடு. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பற்றுச்சீட்டுக்காக நான் நின்றேன்.